என் பேரில் வந்த நோய்

ஜூன் 4, செவ்வாய்

கௌரி காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் மகன் வயிற்றுப் பேத்தி. சென்னையில் சமூகவியல் என்ற படிப்பில் எம்.ஏ. முடித்துவிட்டு, இப்போது அதற்கும் மேலே ஆராய்ச்சி செய்கிறாள். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பன் பத்தைத் தாண்டவில்லை. இவள் எங்கே போய் நிற்பாள் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே ஒரு நாற்காலி கட்டாயம் இருக்கும்.

பக்கத்து வீட்டு மாடத்தி, பையை இறக்கி வைப்பதற்குள் வந்துவிட்டாள். "டாக்டருக்கா மதினி படிக்கா?" என்றாள்.

"டாக்டருக்குப் படிச்சா ஊசி போடத்தான் தெரியும். இவ படிக்கது, ஜனங்க ஏன் ஊசி போட வரமாட்டேங்காங்கன்னு கண்டுபிடிக்கிற படிப்பு" என்றேன்.

"அதுக்கு ஒரு படிப்பா? ஊசி வலிக்கும், அதான் வரல. என்னைய கேட்டா நானே சொல்லியிருப்பேனே."

கௌரி சிரித்தாள். விஷயம் இதுதான். எங்கள் தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறோம். புகையிலைத் தூளும் இருட்டு அறையும்தான் எங்கள் பிழைப்பு. இங்கே டிபி அதிகம் என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ரெஜினா சளிப் பரிசோதனை முகாம் வைக்கிறார், பெண்கள் போவதில்லை. ஏன் போவதில்லை என்று பார்ப்பதற்குத்தான் கௌரியை அனுப்பியிருக்கிறார்கள். சொந்தத் தெருவையே கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

எழுதத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள். அன்றன்றைக்கு என்ன சமைத்தோம், எங்கே வலிக்கிறது, யார் வந்தார்கள், எது வேண்டுமானாலும் எழுதலாமாம். எல்லாம் முடிந்த பிறகுதான் வாங்கிப் படிப்பாளாம். எப்படியும் படிக்கத்தானே போகிறாள். பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஜூன் 5, புதன்

சாரல் விடவில்லை. பீடி நமத்துப்போய் கடையில் பாதியைக் கழித்துவிட்டார்கள். முருங்கைக்கீரை. முழங்கால் வலி.

ஜூன் 8, சனி

ஆராய்ச்சி என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்களோடு தரையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறாள். பீடித் தட்டை மடியில் வைத்து நாலு பீடி சுற்றியும் பார்த்தாள். மாடத்தி அதை வாங்கிப் பார்த்து, "இது பீடியா, வெண்டைக்காயா?" என்றாள்.

என் வீட்டு முன்னறையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உட்கார்வது வழக்கம். நான், மாடத்தி, பின்வீட்டுத் தங்கபுஷ்பம். புஷ்பம் ராதாபுரம் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். புருஷன் கேரளாவில் பரோட்டாக் கடையில் இருக்கிறான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கம்பெனி அட்டை இருந்தால்தான் கடையில் இலையும் தூளும் தருவார்கள்; சுற்றிய பீடியை எடுப்பார்கள்; பீடிக்காரர்களுக்கான ஆஸ்பத்திரியில் மருந்து தருவார்கள். இப்போது புது அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் மாடத்திக்கும் பழைய அட்டை இருக்கிறது. புஷ்பம் சுற்றுகிற பீடி எப்படிக் கடைக்குப் போகிறது என்பது இந்த நோட்டில் எழுதுகிற விஷயம் இல்லை.

கௌரி இன்றைக்கு ஒன்று கேட்டாள். "முகாம் நாலு மணிக்குத்தான நடக்கு. அந்த நேரத்துல நீங்க எல்லாரும் எங்க இருப்பிய?"

"எங்க இருப்போம், பீடிக் கடையில நிப்போம்" என்றாள் மாடத்தி. "நாலு மணி விட்டா அன்னைக்கு எடுக்க மாட்டாம்லா."

கௌரி உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். வாசலில் நின்று பேசியது எனக்குக் கேட்டது. "மேடம், அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லாம இல்ல. நேரம்தான் இல்ல." இத்தனை வருஷமாக யாரும் எங்களுக்காக இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

முகாமை ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்கள். என் பேத்தி ஒரு போன் போட்டாள், அரசாங்கம் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொருத்தியும் சளி டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வந்தாள். நான் கௌரியைப் பார்க்கத்தான் போனேன். எனக்கு இருமல் கிடையாது. இந்த வயதிலும் என் நெஞ்சு பித்தளைக் குடம். புஷ்பமும் வந்திருந்தாள். அவளுக்குக் கோடையிலிருந்தே இருமல். வெயிலுக்கு என்றோம், பிறகு சாரலுக்கு என்றோம். வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் வேகமாகப் போய்விட்டாள்.

டாக்டர் ரெஜினா கௌரியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். அதை மாடத்தி பார்க்கிறாளா என்று நான் பார்த்தேன். பார்த்தாள்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் மூன்று பேரும் இலை வெட்டிக்கொண்டிருந்தோம். நர்ஸம்மா வாசலில் வந்து நின்று, "ஆவுடையம்மாள் யாரு?" என்றாள்.

"நான்தான்."

"முகாம்ல குடுத்த சளியில டிபி கிருமி இருக்கு, பாட்டி. பயப்படாதீங்க, மாத்திரை இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

நான் எங்கே சளி கொடுத்தேன் என்று கேட்க வாயைத் திறந்தேன். பக்கத்தில் கத்தரிச் சத்தம் நின்றுபோயிருந்தது. புஷ்பம் இலையைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தாள். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தேன். பிறகு நர்ஸம்மாவிடம், "ஆமா, குடுத்தேன். மறந்துட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. சளி கொடுத்ததை மறந்துவிட்டேன். வயதாகிவிட்டது.

எடை பார்த்தார்கள். என் உடம்புக்கு முள் நன்றாகவே ஓடியது. அந்த எடைக்குத் தகுந்தபடி மாத்திரை. தினமும் வெறும் வயிற்றில். ஆறு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றாள்.

கௌரி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுததுதான் பொறுக்கவில்லை.

ஜூன் 15, சனி

நேற்று நர்ஸம்மா போனதும் மாடத்தி தள்ளித்தான் உட்கார்ந்தாள். போகட்டும்.

புஷ்பம் பின்வாசலில் வந்து நின்றாள். "எனக்கு அட்டை இல்லையே அத்தை. அட்டை இல்லாம யாரு பாப்பா? கடைக்குக் குடுக்க மாதிரியே உங்க பேரச் சொல்லிட்டேன். நோய் இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

"சும்மா இருட்டி" என்றேன்.

அவள் நேராகப் போய் நான்தான் என்று சொன்னால், எப்படி அட்டை மாறியது என்ற கேள்வி வரும். கடை ஏஜெண்ட் சண்முகவேல் காதுக்குப் போகும். அட்டையை முடக்கினால் அவள் அடுப்பும் எரியாது, என் அடுப்பும் எரியாது. நோய்க்காரி என்று தெரிந்தால் யாரும் அவளைத் தட்டோடு சேர்த்து உட்கார வைக்கவும் மாட்டார்கள்.

மாத்திரைகள் விடிந்ததும் போய்விட்டன. ஒரு டம்ளர் தண்ணீரும் போனது. போக வேண்டிய வயிற்றுக்குத்தான் போனது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். பீடி அவள் கை, அட்டை என் பேர். இத்தனை வருஷம் அது ஓடவில்லையா? இதுவும் அப்படியே ஓடும். டாக்டருக்கே தோன்றாத வழி எனக்குத் தோன்றிவிட்டது என்று உள்ளுக்குள் குதூகலமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

கௌரி எனக்கு முட்டை, சுண்டல், பேரீச்சம்பழம் என்று வாங்கி அடுக்குகிறாள். ஒரு முட்டை நான் தின்றேன். மற்றது பின்வாசல் வழியாகப் போய்விட்டது. பூனை வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

நர்ஸம்மா வந்து, "பாட்டி, ஆரஞ்சு கலர்ல போகுதா?" என்றாள்.

"சூரியன் அடையுத மாதிரி போகுது" என்றேன். அவளுக்கு ரொம்பத் திருப்தி.

புஷ்பம் நேற்றிலிருந்து சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள். மாடத்தி காதைக் கடித்தாள். "என்ன மதினி, அவன் கோயில் கொடைக்கு வந்துட்டுப் போனதுக்கே காரியம் முடிஞ்சிட்டோ?"

"உன் வாயில தூளப் போட்டு அடைக்க" என்றேன். மாத்திரை என்றால் முதலில் கொஞ்சம் குமட்டத்தான் செய்யும். நர்ஸம்மாவே சொன்னாள். கிருமி சாகிறபோது உடம்பு சண்டை போடாதா.

இன்றைக்குப் புளி இல்லாத ரசம் வைத்து அனுப்பினேன்.

ஜூன் 23, ஞாயிறு

இப்படி ஒரு விளையாட்டை நான் பார்த்ததில்லை. தெருப் பெண்கள் எல்லாம் என் முன்னறையில். என்னை மட்டும் ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தாள் கௌரி. ஆளுக்கொரு பீடி இலையைக் கொடுத்து, "இதுதான் நீங்க. தரையில உங்களுக்குப் பிடிச்ச இடத்துல வைங்க" என்றாள். பிறகு நூல் கண்டை உருட்டிவிட்டாள். யார் யாருக்குத் தூள் கடன் கொடுப்பீர்கள், யார் பிள்ளையை யார் பார்ப்பீர்கள், உடம்புக்கு வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் இலையிலிருந்து இலைக்கு நூல். கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கச் சிலந்தி வலை. ஒருத்தி மாமியார் இலைக்கு நூல் விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எங்கள் தெரு மேலே இருந்து பார்த்தால் இப்படியா இருக்கும் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக நடுவில் ஒரு தகர மூடியை வைத்தாள். "இது பீடிக் கடை. பீடி எப்படிப் போகுதுன்னு நூல் விடுங்க."

எல்லாரும் விட்டார்கள். புஷ்பம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவள் இலையிலிருந்து மூடிக்கு நூல் இல்லை.

"இவங்க பீடி கடைக்குப் போறதில்லையா?" என்றாள் கௌரி.

"ஏன் போகாம? ஆவுடை மதினி வழியால்லா போகுது" என்றாள் மாடத்தி. குனிந்து, புஷ்பத்தின் இலையிலிருந்து என் இலைக்கும், அங்கிருந்து மூடிக்கும் ஒரு நூலை இழுத்தே விட்டாள்.

பிறகு இன்னொருத்தி மெதுவாகத் தன் தங்கை இலையை எடுத்துத் தன் இலைக்குப் பின்னால் வைத்தாள். இன்னொருத்தி தன் மருமகளை. மூடிக்கு நேராக நூல் போகாத இலைகள் தரையெல்லாம் இருந்தன.

கௌரி என்னைப் பார்த்தாள். தரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இலைகளைப் பொறுக்கினாள்.

பெண்கள் போன பிறகு அடுக்களைக்கு வந்து அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். "ஆச்சி, அன்னைக்கு முகாம்ல நீ வரிசையில நின்னதா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள்.

"சோறு அடிப்பிடிக்குது பாரு" என்றேன்.

சோறு அடிப்பிடிக்கவில்லை. அதற்கு மேல் அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூன் 24, திங்கள்

விடிந்ததும் புஷ்பம் வந்தாள். மாத்திரையை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண் இரண்டும் மஞ்சள். மஞ்சள் அரைத்துத் தடவின மாதிரி.

"தலை சுத்துது அத்தை" என்றாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது.

அட்டை போனால் போகட்டும் என்று தோன்றியது. "கௌரி" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்திருக்கும். அவள் ஓடி வந்தாள். பார்த்தாள். என் கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா, ஆச்சி?"

"முதல் நாள்லேருந்து."

வாயில் கை வைத்தாள். மறு நிமிஷம் ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டாள். குழந்தையை மாடத்தி கையில் கொடுத்தோம். தள்ளி உட்கார்ந்தவள்தான், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில், "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார்கள். புஷ்பம் கண்ணை மூடியபடியே, "ஆவுடையம்மாள்" என்றாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நிலையிலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் கேட்டால் அவள் வாயில் வருவது அதுதான். "அது என் பேரு. இவ பேரு தங்கபுஷ்பம். புருஷன் பேரு முத்துக்குட்டி" என்றேன்.

டாக்டர் ரெஜினா வந்து பார்த்ததும் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். கல்லீரல் அடிபட்டிருக்கிறதாம். என் எடைக்கு எழுதின அளவு, புஷ்பத்தின் உடம்புக்கு ரொம்ப அதிகமாம். "அளவு கூடுனதால வந்ததா, இவங்க உடம்பே இந்த மருந்தைத் தாங்கலையான்னு இப்ப சொல்ல முடியாது. ரத்தம் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே பாட்டி மாத்திரை தர்றோம். வேறொருத்திக்கு எப்படிக் கொடுத்தீங்க?"

"வேற ஒருத்திக்குக் குடுக்கல டாக்டரம்மா. யாருக்கு நோயோ அவளுக்குத்தான் குடுத்தேன்" என்றேன். சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

இருக்கிறாள். பேசுகிறாள். மஞ்சள் குறையவில்லை.

ஜூன் 27, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி வராந்தா. புஷ்பத்துக்கு இளநீர் வாங்கி வந்தபோது டாக்டர் ரெஜினாவும் கௌரியும் பெஞ்சில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"உங்க ஆச்சி செஞ்சது தப்பு கௌரி. அந்தப் பொண்ணு செத்திருக்கலாம்."

"தப்புதான் மேடம். ஆனா அட்டையில பேர் இல்லாதவ ஆஸ்பத்திரியிலயும் இல்லன்னு அவங்களுக்கு நாமதான சொல்லிக் குடுத்திருக்கோம். கூலி அட்டைக்கு, மருந்து அட்டைக்கு, கண்ணுக்குக் கண்ணாடியும் அட்டைக்கு. சளியும் அட்டைக்குத்தான்னு அவங்க நெனச்சதுல என்ன ஆச்சரியம்? அந்தத் தெருவுல நேரா நூல் போகாத இலை நெறைய இருக்கு."

டாக்டருக்கு இலையும் நூலும் புரியவில்லை. கௌரி போனில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். டாக்டர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மருந்து சரி, லேப் சரி. ஆள்தான் மாறிடுச்சு" என்றார். "அது என் படிப்புல இல்ல, உன் படிப்புலதான் இருக்கு. சொல்லு, என்ன செய்யலாம்?"

எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர், என் பேத்தியைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். அழுதுகொண்டிருந்தவளுக்குத் தூணுக்குப் பின்னால் சிரிப்பு வந்துவிட்டது. இளநீரைச் சிந்திவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

கௌரியின் யோசனை: நாளைக்கு முகாம் பள்ளிக்கூடத்தில் இல்லை, எங்கள் தெருவிலேயே, பீடிக் கடை முடிந்த பிறகு. அட்டையும் கேட்க மாட்டார்கள், ஆதாரும் கேட்க மாட்டார்கள். அவரவர் வாயால் சொல்கிற பெயர் போதும்.

மாடத்திதான் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். "அட்டை இல்லாதவ எல்லாம் வரிசையில நின்னா, யாரு யாரு அட்டையில சுத்துதான்னு சண்முகவேலு எண்ணிருவாம்லா. ஒருத்தியும் வரமாட்டா பாரு."

கௌரி யோசித்தாள். பிறகு, "அப்போ எல்லாரையும் நிக்க வச்சிருவோம்" என்றாள். "சுத்துறவங்க, சுத்தாதவங்க, ஆம்பளைங்க, டீக்கடை, கோயில் பூசாரி. தெருவே நின்னா வரிசையைப் பாத்து யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

"சண்முகவேலும் நிக்கணுமா?"

"முதல் ஆளா."

எனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றவில்லை. நாளைக்கு யாரும் வராவிட்டால், இன்னொரு புஷ்பம் எந்த வீட்டில் இருமிக்கொண்டிருப்பாளோ.

ஜூலை 1, திங்கள்

வந்தார்கள்.

கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி தெருவில் நாற்காலி போட்டார்கள். சண்முகவேலைக் கூப்பிடப் போன கௌரியோடு நானும் போனேன். "எனக்கு எதுக்கு?" என்று அலட்சியமாகச் சொன்னான். சொல்லும்போதே இருமினான். வருஷம் முழுக்கத் தூள் மூட்டைக்கு நடுவில் படுக்கிறவன். டாக்டர் ரெஜினா கடைக்குள் வந்து, "நீங்க வந்தாதான் மத்தவங்க வருவாங்க சார்" என்றார். சார் என்று சொன்னதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். டப்பாவை வாங்கிக்கொண்டு அவன் தெருமுனை மதிலுக்குப் பின்னால் போனபோது, மாடத்தி, "ஏஜெண்டய்யா, நல்லா குடுங்க, இல்லாட்டி கழிச்சிருவாங்க" என்றாள். தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. வாசலைத் தாண்டி நான் பார்த்தே இராத மருமகள்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் பெயரைச் சொன்னாள். இந்தத் தெருவிலேயே கிடக்கிறேன், அதில் பாதிப் பெயர் எனக்குத் தெரியாது. பூசாரி கைக்குழந்தை மாதிரி டப்பாவை ஏந்திக்கொண்டு வந்தார். நானும் இந்த முறை உண்மையாகவே இருமிக் கொடுத்தேன்.

கூட்டம் கலைகிறபோது சண்முகவேல் என் பக்கத்தில் வந்தான்.

"ஆச்சி, பின்வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றான்.

"யாரு, எந்தப் பிள்ளை?"

"இந்த வயசுல ஒத்த ஆளா அவ்வளவு பீடி சுத்துதியன்னு நான் நம்புனேன்னா நெனச்சிய? எனக்கு பீடி வேணும், கம்பெனிக்கு அட்டை வேணும். நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறேன்."

இத்தனை நாளும் நான் மூடி மூடி வைத்தது அவன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்தேதான் கிடந்திருக்கிறது. அவமானமா, சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் கௌரிக்கு அது போதவில்லை. "அவருக்குத் தெரிஞ்சா மட்டும் அது அவளுக்கு அட்டை ஆயிடுமா ஆச்சி?" என்றாள். புஷ்பத்துக்கு அட்டை கேட்டுப் பீடித் தொழிலாளர் நலவாரியத்துக்கு எழுதப் போகிறாளாம்.

ஜூலை 6, சனி

முடிவுகள் வந்தன. எனக்கு இல்லை, பித்தளைக் குடம். சண்முகவேலுக்கும் இல்லை, ஆனால் மூச்சுக் குழாய்க்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கீழவீட்டு மருமகள் ஒருத்திக்கும், டீக்கடைக்காரர் அம்மாவுக்கும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அவரவர் எடை பார்த்து, அவரவர் பேரில் மாத்திரை. புஷ்பத்தின் குழந்தைக்கு நோய் இல்லை. வராமல் இருக்க ஒரு மருந்து. பாப்பா அதைத் துப்பி, மாடத்தியின் சேலையில் பூப்போட்டுவிட்டது. முன்னறை ஜன்னல்களை எல்லாம் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூள் பறக்கிறது, முகத்தில் துணி கட்டிக்கொள்கிறோம்.

முத்துக்குட்டி கேரளாவிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறான்.

ஜூலை 15, திங்கள்

மஞ்சள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மருந்து இல்லாமல் இருமல் கூடியிருக்கிறது. கல்லீரல் தேறினால்தான் மறுபடி மாத்திரை. அதுவும் ஒவ்வொன்றாகத்தான். ஒவ்வொன்றும் தங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்களாம். தங்காவிட்டால் வேறு மருந்து, நீண்ட நாள். புஷ்பம் மாத்திரை என்ற வார்த்தையைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "வேண்டாம் அத்தை, இருமிட்டே கிடக்கேன்" என்கிறாள். முதல் மாத்திரையை அவள் கையில் வைத்தவளே நான்தானே.

கௌரிதான் அவளிடம் கேட்டாள், "எங்க வச்சி சாப்பிட்டா உங்களுக்கு தைரியமா இருக்கும்?" என்று. டாக்டர்கள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. புஷ்பம், "அத்தை வீட்டு முன்னறையில. எல்லாரும் இருக்க இடத்துல" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரியில் வைத்தே முதல் மாத்திரை, இரண்டாம் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். ரத்தம் சரியாக இருக்கிறது. இன்னும் ஒன்று பாக்கி. அதை வீட்டில் சாப்பிடலாம் என்று டாக்டர் ரெஜினா பெரிய ஆஸ்பத்திரியில் பேசி அனுமதி வாங்கிவிட்டார். மறுநாளே ரத்தம் பார்ப்பார்களாம்.

முன்னறையைக் கழுவிவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

புஷ்பம் காலையில் வந்தாள். இளைத்துத் துரும்பாக இருந்தாள், ஆனால் கண் வெள்ளையாக இருந்தது. அவள் எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றபோது, மாடத்தி தன் தட்டை நகர்த்தி இடம் விட்டாள். "உக்காருட்டி. என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்க?"

தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். நர்ஸம்மா மாத்திரையைப் புஷ்பத்தின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் எடைக்கு எழுதினது. நான் தண்ணீர் கொடுக்கப் போனேன்; பாதி தரையில் சிந்தியது. மாடத்தி டம்ளரைப் பிடுங்கி அவள் வாயருகே பிடித்தாள். புஷ்பம் விழுங்கினாள்.

ஒருத்தியும் பீடி சுற்றவில்லை. டிவியைக் கௌரி அணைத்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் புஷ்பத்தின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்திக்கு ஒரு வாளி தயாராக இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு தடவை கண்ணை இறுக்கி மூடினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பாதி எழுந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தாள். "என்ன எல்லாரும் என் வாயவே பாக்கிய? நாடகமா ஓடுது?" என்றாள். "பசிக்குது."

இட்லித் தட்டை வைத்தேன். ஒன்று தின்றாள். இன்னொன்று. மூன்றாவதைப் பிட்டு வைத்துக்கொண்டு, சட்னிக் கிண்ணத்தை வழித்துப் பார்த்து, "அத்தை, சட்னி இல்லையா?" என்றாள்.

தேங்காய் உடைத்துவிட்டேன். மிளகாயும் பொட்டுக்கடலையும் எடுத்து வைத்தாயிற்று. அரைக்கப் போகிறேன். மிச்சத்தைக் கௌரி எழுதிக்கொள்ளட்டும்.